மாற்று உறுப்பினர்

தாவெத்திக்குப் பித்தப்பையில் கல்.
அதனால்தான் நான்.
மூன்று வருடமாகப் பட்டியலில் வெறும் பெயராக இருந்தவளை
மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள்:
ஆறுக்குக் கூட்டம், வந்துவிடு,
நீ இல்லாமல் கணக்கு நிறையாது.

இருபத்தேழு பேர் மன்றம்.
நிர்வாக அதிகாரியை வீட்டுக்கு அனுப்ப
மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்கிறது சட்டம்.
பதினேழு பேரை முன்பே எண்ணி வைத்திருந்தார்கள்,
தொலைபேசியில், மீன் கடையில்,
சவுனாவின் நீராவிக்குள் முகம் தெரியாமல்.

பள்ளிப் பேருந்தைக் கழுவக்கூட நேரமில்லை.
டீசல் மணக்கும் மேல்கோட்டை
மற்றவர்கள் கோட்டுகளுக்குச் சற்றுத் தள்ளி மாட்டினேன்.
வெளியே நவம்பர்;
மூன்று மணிக்கே கதவடைத்துக்கொண்ட வானம்.
சலோவெசி ஊர் இரண்டுபட்டிருந்தது.
கொண்டாட ஒரு கூத்தாடியும் இல்லை.

குற்றச்சாட்டு: கொதிகலன்.
மரச்சில்லு தின்று ஊருக்கே சூடு தரும் என்று
நாற்பது லட்சம் யூரோவுக்கு வாங்கியது.
முதல் குளிர்காலத்தில் இருமியது,
இரண்டாவதில் படுத்துவிட்டது.
கையெழுத்து ஐலா ஹுக்கனெனுடையது.
ஒப்புதல் இந்த மண்டபத்துடையது,
ஓர் எதிர்ப்பும் இல்லாமல், கேக் வெட்டி.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்
என்று நினைத்துக்கொண்டேன்.
பேசுவோர் வரிசையில் என் பெயர் இல்லை.

எனக்குக் கொதிகலன் அல்ல வழக்கு.
ஏரிக்கு அப்பால் இருந்த பள்ளியை மூடியவள் அவள்.
பதினொரு பிள்ளைகள்தானே என்றாள்.
பதினொரு பேரையும் எனக்குத் தெரியும்.
ஆறே முக்காலுக்கு இருட்டில் ஏறும் எல்லி
நாற்பத்தொரு கிலோமீட்டர் தூங்கியபடி வருவாள்,
ஒரு காலணி எப்போதும் கழன்று.
கூடுதல் தூரத்துக்கு எனக்குக் கூடுதல் சம்பளம்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.
அந்தப் பணத்தில்தான் கூரை மாற்றினேன்.

தலைவர் என்சியோ நம்பிக்கை என்ற சொல்லைத்
திரும்பத் திரும்பச் சொன்னார்,
உறைந்த பூட்டில் சாவியைத் திருகுவதுபோல.
ஒருத்தி அழுதாள்.
அழுதவளும் பச்சையைத்தான் அழுத்துவாள் என்று
பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னார்.

இடைவேளை.
தன்னைப் பற்றிய பேச்சில் அவள் உள்ளே இருக்கக் கூடாது.
தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள்,
பழைய அதிகாரிகளின் படங்களுக்குக் கீழே,
மடியில் கணினி, காலடியில் ஆறிய காபி.
நான் கடந்துபோகும்போது நிமிர்ந்தாள்.
பின்வரிசை ஹீட்டர் இன்னும் சரியாகவில்லையா?

செப்டம்பரில் எழுதிய கடிதம்.
நானே மறந்திருந்தேன்.
இல்லை என்றேன்.
தலையசைத்துவிட்டுத் திரும்பவும் தட்டத் தொடங்கினாள்.
தூண்டிலா, அக்கறையா?
மீன் பிடித்து வளர்ந்தவள் நான்,
இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மேசையில் மூன்று பொத்தான்கள்.
பச்சை, சிவப்பு, எதுவும் சொல்லாத மஞ்சள்.
தாவெத்தியின் விரல் தேய்த்துத் தேய்த்து
பச்சை மட்டும் வழுவழுப்பாக இருந்தது.
மஞ்சளின் மேல் கொஞ்ச நேரம் கை வைத்திருந்தேன்.
பிறகு எல்லியின் காலணியை நினைத்தேன்,
கூரையை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்,
அழுத்தினேன்.

எட்டு மணி பத்து நிமிடம்.
பதினெட்டு, ஒன்பது.
யாரும் கைதட்டவில்லை.
என்சியோ என் தோளை அழுத்தினார்,
வாங்கின பொருளைத் தட்டிப் பார்ப்பதுபோல.
என் கோட்டை ஒட்டி, மற்றவற்றுக்குத் தள்ளி,
சாம்பல் நிறத்தில் இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்தது.
வரும்போது அதைக் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை மெக்கானிக் வந்தான்.
வேலை ஆணையை நீட்டினான்.
அன்றைய தேதி. அவள் பெயர்.
நேரம்: ஏழு ஐம்பத்திரண்டு.
எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.
காட்டினான்.

வெள்ளி காலை எல்லி பின்வரிசையில் போய்ச் சுருண்டாள்.
சூடாக இருக்கிறது என்றாள், யாரிடமோ.
கண்ணாடியில் பார்த்தேன்,
இரண்டு காலணியும் கழன்று கிடந்தன.
உடனே சாலைக்குத் திரும்பினேன்.
மான்கள் குறுக்கே பாயும் இடம் அது.